ஒரு வெற்றிலைக்கு இருநூறு தேய்ப்பு

எனக்கு எழுத்து வந்தது தீப்பெட்டியில் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், தங்கங்களா. இந்தக் கதையில் சிரிப்பதற்கென்று நான் ஒருத்திதான் இருக்கிறேன். பள்ளிக்கூடத்துப் படியை நான் மிதித்ததில்லை. தீப்பெட்டி மேல் ஒட்டிய காகிதம், கடையில் பருப்புக் கட்டிக் கொடுத்த காகிதம், யாரோ கிழித்துப் போட்ட பஞ்சாங்க ஏடு என்று கையில் அகப்பட்டதையெல்லாம் எழுத்துக் கூட்டிக் கூட்டி, பதினெட்டு வயதுக்குள் எழுதவும் வாசிக்கவும் தேறிவிட்டேன். தேறியதோடு நின்றிருக்கலாம். கற்றவள் என்ற நினைப்பும் கூடவே வந்துவிட்டது. எழுத்து வர நாலு வருசம் ஆனது. நினைப்பு வர ஒரு பொழுது போதுமாக இருந்தது.

காரைக்குடியில் சிகப்பி ஆச்சி புது வீடு கட்டிக்கொண்டிருந்த வருசம் அது. எனக்கு இருபத்திரண்டு வயது. என் வீட்டுக்காரர் அந்த வீட்டில் வண்டி ஓட்டினார். பூமிநாதன் என்று பெயர். புருசன் பேரை வாயால் சொல்லக்கூடாது என்பார்கள், எழுதக்கூடாது என்று யாரும் சொன்னதில்லையே. ஆச்சி வீட்டுச் செட்டியாருக்குப் பர்மாவில் மர வியாபாரம். அங்கிருந்து வரும் கடுதாசியை ஆச்சிக்கு வாசித்துக் காட்டி, பதில் எழுதிக் கொடுப்பது என் வேலை.

அந்த ஆடி மாதத்துக் கடுதாசியில் செட்டியார் எழுதியிருந்தார்: தைப் பிறப்புக்கு வந்து இறங்குகிறேன், அதற்குள் வளவுச் சுவரெல்லாம் முகம் பார்க்கிற மாதிரி இருக்கவேண்டும். வளவு என்றால் உள்முற்றத்தைச் சுற்றி வருகிற பகுதி. கல்யாணம், காட்சி, வந்தவர், போனவர் எல்லாம் அங்கேதான்.

முகம் பார்க்கிற சுவர் லேசில் வராது. சுண்ணாம்பைக் குழியில் ஊறப்போட்டு, கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்து, பூச்சு மேல் பூச்சாக ஏற்றி, கடைசிப் பூச்சில் முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்ப்பார்கள். அந்தப் பூச்சு ஈரமும் இல்லாமல் காய்ந்தும் போகாமல் ஒரு பதத்தில் நிற்கும்போது, பெண்கள் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்க்கவேண்டும். முந்தினால் பூச்சு பிய்ந்துவிடும். பிந்தினால் பளபளப்பு ஏறாது. மஞ்சள்கருவெல்லாம் வேலைக்காரர்களுக்கு. அந்த வருசம் நான் தின்ற மஞ்சள்கருவை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோழியைக் கண்டால் முகம் கொடுக்க முடியாது.

தேய்க்கப் பன்னிரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். தை வரைக்கும் வைத்துக்கொள்ள ஆறு பேர் போதும். அந்த ஆறு பேரைப் பொறுக்கவேண்டியவர் தலைமைக் கொத்தனார் முகைதீன் பிச்சை. அவருக்கோ தேவகோட்டையில் மகள் கல்யாணம்.

“பின்கட்டுச் சுவத்துல ஆளுக்கு ஒரு பாகம் பிரிச்சு விட்டிருக்கேன் ஆச்சி. நாளுக்கு ஒரு முழம் தேய்க்கட்டும். பத்து நாள்ல வந்து பாத்துச் சொல்றேன்” என்றார் அவர்.

“பத்து நாளா? நாளு ஓடுது கொத்தனாரே. நீங்க கல்யாணத்தைப் பாருங்க. எங்கிட்ட எழுத்துக்காரி இருக்கா. அவ கூடவே இருந்து பாத்து, யாரு கெட்டிக்காரின்னு எழுதிருவா.”

கொத்தனார் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். “எழுத்துக்கும் சுவத்துக்கும் என்ன ஆச்சி சம்பந்தம்?” என்று கேட்டுவிட்டுப் போனார். மூன்று நாள் எனக்கு அந்த மனுசர் மேல் கோபம்.

திங்கட்கிழமை காலையில் நாற்பது பக்க நோட்டு ஒன்றும் ஒரு பென்சிலும் எடுத்துக்கொண்டு, பின்கட்டில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தேன். கட்டம் போட்டேன். பன்னிரண்டு பேரையும் எழுதினேன். அப்புறம் யோசித்தேன், கெட்டிக்காரத்தனத்தை எப்படி அளப்பது? அளந்துவிட்டேன், கேளுங்கள். நான் ஒரு வெற்றிலை போட்டு மென்று முடிக்கிற நேரத்துக்குள் யார் எத்தனை தேய்ப்புத் தேய்க்கிறாள் என்று எண்ணுவது. நிறையத் தேய்த்தவள் கெட்டிக்காரி. வீட்டில் கடிகாரம் இருந்தது, ஆனால் அது முகப்பில் இருந்தது. என் வாய் என்னிடமே இருந்தது.

இப்போது சொல்கிறேன், வெட்கத்தை விட்டு. பிடித்த பெண்ணை எண்ணும்போது மெதுவாக மென்றேன். பிடிக்காதவளுக்கு மாடு மாதிரி அவசரமாக மென்றேன். அப்போது அது எனக்கே தெரியாது.

நாகவல்லி என்று ஒருத்தி, உள்ளூர்க்காரி, வாய்த் துடுக்கு. அவளுக்கு ஒரு வெற்றிலைக்கு இருநூறு தேய்ப்பு வந்தது. “எழுதிட்டீகளா வாத்தியாரம்மா? நல்லா இருநூறுன்னு கொட்டை எழுத்துல எழுதுங்க” என்பாள். நான் பூரித்துப்போய் இரண்டு தரம் அடிக்கோடு போட்டேன். என் மெட்டிச் சத்தம் கேட்டதும் பன்னிரண்டு கல்லும் பறப்பதும், நான் தண்ணீர் குடிக்கப் போனதும் பன்னிரண்டும் நின்றுவிடுவதும் எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரியவந்தது. என்னைப் பார்க்க அவர்களுக்கு நோட்டு வேண்டியிருக்கவில்லை.

பன்னிரண்டாவது பாகம் மலையம்மாளுடையது. அமராவதிபுதூரிலிருந்து இருட்டோடு கிளம்பி நடந்து வருவாள். என் வயதுதான் இருக்கும். பேசமாட்டாள். அவளை எண்ணலாமென்று வெற்றிலையை மடித்து வாயில் வைத்தேன். அவள் கல்லைக் கீழே வைத்தாள். சுவரில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். நான் மென்றேன். அவள் நின்றாள். பிறகு முகத்தை எடுத்தாள், ஒரு அடி தள்ளிப்போய் மறுபடியும் கன்னத்தை வைத்தாள். என் வெற்றிலை தீர்ந்துபோனது. தேய்ப்பு ஒன்றுகூட இல்லை.

“ஏத்தா, உடம்புக்கு என்ன?” என்றேன்.

“ஒண்ணுமில்ல.”

“பெறகு ஏன் சுவத்துல சாஞ்சு தூங்குறே?”

அவள் என்னைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள். “தூங்குறேன்னு எழுதிட்டீகளா?”

“இன்னும் இல்ல.”

“எழுதிக்கங்க” என்று சொல்லிவிட்டு மறுபடியும் கன்னத்தை வைத்தாள்.

திமிர் என்று நினைத்தேன். எழுதினேன். ‘மலையம்மாள். சுவரில் சாய்ந்து தூக்கம்.’ செவ்வாய்க்கிழமையும் அதையே எழுதினேன். புதன்கிழமை ‘மேற்படி’ என்று எழுதினேன். பஞ்சாங்கத்தில் படித்த வார்த்தை. அதை எங்கேயாவது எழுதிவிட மாட்டோமா என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

புதன் சாயங்காலம் ஆச்சி கூப்பிட்டு விட்டார்கள். நோட்டைப் பிரித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தேன். ஆச்சி பாக்கு வெட்டிக்கொண்டே கேட்டார்கள்.

“மூணு நாளும் தூக்கமா?”

“ஆமாங்காச்சி. நின்னுக்கிட்டே தூங்குறா.”

“நம்ம வீட்டு முட்டையும் சுண்ணாம்பும் அவளுக்குத் தலகாணியா? சனிக்கிழமை நானே வந்து கூலியைக் குடுத்து அனுப்பிருறேன், சொல்லிரு. மிச்சத்தைப் பெறகு பாப்போம்.”

மறுநாள் காலையில் மலையம்மாளிடம் நானே சொன்னேன். சரி என்றாள், அவ்வளவுதான். கல்லை எடுத்து முந்தானையில் துடைத்துவிட்டுத் தன் பாகத்துக்குப் போனாள். நாகவல்லிதான் என்னிடம் வந்தாள். முகத்தில் கேலி இல்லை.

“அவ புருசன் இருளாண்டி, மலாய் ரப்பர்த் தோட்டத்துக் கங்காணிகிட்ட பேரு குடுத்து வச்சிருக்கான், தெரியுமா? காடு காஞ்சு கெடக்கு, வேற வழி இல்ல. இங்க இவளுக்குத் தை வரைக்கும் வேலை நெலைச்சா ரெண்டு பேரும் இருந்துக்கிடுவாக. இல்லாட்டி ஞாயித்துக்கெழமை கங்காணி வந்து கூட்டிட்டுப் போயிருவாரு. கடலுக்கு அங்குட்டு. போன சனம் எத்தனை பேரு திரும்பி வந்திருக்கு?”

“அதுக்கு நான் என்ன பண்றது? தூங்கினா தூங்குறான்னுதானே எழுதணும்” என்றேன்.

“நீங்க எழுதுங்க, மகராசி. எழுத்து இருக்குறவுக.”

அன்றைக்கு வெற்றிலை கசந்தது. சுண்ணாம்பு கூடிவிட்டது என்று என் வெற்றிலைப் பெட்டி மேல் பழியைப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை கொஞ்சம் சீக்கிரமாகவே போய்விட்டேன். பெண்கள் இன்னும் வரவில்லை. முற்றத்து வழியாக இளவெயில் சாய்ந்து பின்கட்டுச் சுவரில் விழுந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை தேய்த்த முழமெல்லாம் நன்றாகக் காய்ந்து, பூச்சின் முகம் தெரிய ஆரம்பித்திருந்தது. சுவர் ஓரமாக நடந்துகொண்டே வந்தேன். முதல் பாகம் வெள்ளையாக இருந்தது. இரண்டாவதும் வெள்ளை. நாகவல்லியின் இருநூறு தேய்ப்புப் பாகம் வெள்ளையோடு அங்கங்கே சொறி பிடித்த மாதிரி இருந்தது. பன்னிரண்டாவதில் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். பொட்டு கோணல், தலை கலைந்திருந்தது, ஒரு பக்கக் கன்னம் உப்பி வெற்றிலை, கையில் நோட்டு. யாரடி இவள், விடிந்ததும் விடியாததுமாக என்று கேட்க வாயெடுத்துவிட்டேன். நான்தான்!

நாலு நாள் அங்கேயே உட்கார்ந்திருந்தேன், கண்ணுகளா. தேய்க்கிறவர்களை ஒரு தேய்ப்பு விடாமல் பார்த்தேன். சுவரை ஒரு தரம் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் கன்னத்தை வைத்து அப்படி என்னதான் கேட்கிறாள் என்று எனக்குத் தாங்கவில்லை. யாரும் இல்லை என்ற தைரியத்தில் நானும் கன்னத்தை ஒட்டிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். சில்லென்று இருந்தது. இதுதான் பதம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் குரல் கேட்டது.

“அது திங்கக்கெழமையே காஞ்ச சுவரு.”

மலையம்மாள் கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

“பெறகு ஏன் சில்லுன்னு இருக்கு?”

“விடிகாலையில எந்தச் சுவருதான் சில்லுன்னு இருக்காது?”

எனக்கு மானம் போய்விட்டது. இருந்தாலும் கேட்டேன். “கையால தொட்டுப் பாத்தா ஆகாதா?”

அவள் உள்ளங்கையை நீட்டினாள். சுண்ணாம்பு தின்று தின்று, பனைமட்டையின் அடிப்பக்கம் மாதிரி இருந்தது. அந்தக் கையால் என் கையைப் பிடித்தாள். “இப்ப உங்க கை சூடா இருக்கா, குளுந்து இருக்கான்னு எனக்குத் தெரியாது. கை செத்துப்போச்சு. கன்னம்தான் இன்னும் உசுரோட இருக்கு. பூச்சு அந்தக் குளிர்ச்சியை விடுற நேரம் கன்னத்துக்குத் தெரியும். அப்பத் தேய்க்கணும். நெறையத் தேய்க்க வேண்டாம்.”

“இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க கேட்டது தூக்கத்தைப் பத்தில்ல?”

நல்ல பெண்ணாக இருந்தால் அந்த நிமிசமே ஆச்சியிடம் ஓடிப்போய், ‘தப்பாக எழுதிவிட்டேன்’ என்று சொல்லியிருப்பேன். போகத்தான் புறப்பட்டேன். பாதி வழியில் கால் நின்றுவிட்டது. எழுத்துக்காரி என்ற பேர் என்னாவது? முகைதீன் பிச்சைக் கொத்தனார் திரும்பி வந்து என்ன சொல்வார்? தப்பென்று ஒத்துக்கொள்ளாமலே தப்பைத் திருத்த ஒரு வழி கண்டுபிடித்தேன். நோட்டில் புதுக் கட்டம் ஒன்று போடுவது. இனிமேல் தேய்ப்புக்கு மட்டும் இல்லை, கன்னம் வைத்துப் பார்ப்பதற்கும் கோடு உண்டு. ஒரு கன்னத்துக்கு ஐம்பது தேய்ப்பு சமம். இப்படிப் போட்டால் மலையம்மாள் தானாக மேலே ஏறிவிடுவாள். நாளைக்கு ஆச்சி வரும்போது, ‘ஒரே நாளில் தேறிவிட்டாள்’ என்று சொல்லிவிடலாம். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அதோடு விட்டேனா? சாயங்காலம் எல்லாரையும் நிறுத்திவைத்துப் புதுச் சட்டத்தை உரக்க வாசித்தேன். “நாளை முதல், சுவரில் கன்னம் வைத்துப் பதம் பார்ப்பவருக்கு ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு.”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “வலக் கன்னமா, இடக் கன்னமா வாத்தியாரம்மா?” என்றாள் நாகவல்லி.

“எதுவானாலும் சரி” என்றேன் தாராளமாக.

சனிக்கிழமை காலையில் பூச்சு ஏறியது. நான் வெற்றிலை மடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். பதினோரு பெண்கள் பதினோரு கன்னத்தைச் சுவரில் ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். கல்லெல்லாம் தரையில் கிடக்கிறது. ஒருத்தி ஒரு கண்ணைத் திறந்து, நான் கோடு போட்டேனா என்று பார்த்துவிட்டு, மறு கன்னத்தை மாற்றி வைத்தாள். நான் ஓடி ஓடிக் கோடு போட்டேன். கை வலித்தது. ஈரப் பூச்சு கன்னங்களில் ஒட்டி, சிலருக்கு மூக்கு வரை வெள்ளை. பொழுது ஏறிக்கொண்டே போகிறது, ஒருத்தியும் சுவரை விட்டு வருவதாக இல்லை.

சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. மலையம்மாளுக்குக் கூலி கொடுத்து அனுப்ப ஆச்சி வந்துகொண்டிருந்தார்கள். கூடவே என் வீட்டுக்காரர், முட்டைக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு.

ஆச்சி வாசற்படியிலேயே நின்றுவிட்டார்கள். சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார்கள்.

“அக்கம்மா.”

“ஆச்சி.”

“ஒருத்தி தூங்குறான்னுதானே சொன்னே?”

நோட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். வாய் நிறைய வெற்றிலை வேறு.

ஆச்சியின் விரல் கடைசிப் பாகத்தைக் காட்டியது. அங்கே ஒரே ஒருத்தி, யாரையும் திரும்பிப் பாராமல், நிதானமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் பாகத்துப் பூச்சு குளிர்ச்சியை விட்டதுமே கன்னத்தை எடுத்துக் கல்லைப் பிடித்திருந்தாள். “வேலை செய்யிறவ அவ ஒருத்திதான் இருக்கா. அவ பேரு என்ன?”

“மலையம்மா” என்றேன். எனக்கே கேட்கவில்லை.

“யாரு? நாம இன்னைக்கு அனுப்பப்போற தூக்கக்காரியா?”

என் வீட்டுக்காரர் முட்டைக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு குலுங்காமல் சிரிக்கப் பாடுபட்டார்.

ஆச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. “மத்த பதினோரு பேரும் இப்பவே கெளம்புங்கடி. முகைதீன் பிச்சை வந்ததும் வேற ஆளு பாத்துக்கிடுறேன்.”

சுவரை விட்டுப் பதினோரு முகமும் திரும்பின. எல்லாம் பாதி வெள்ளை. நாகவல்லி முன்னால் வந்தாள்.

“நாங்க தூங்கல ஆச்சி. வாத்தியாரம்மா கோடு போடுறேன்னாக. எனக்கு முழங்கை மடிப்பை வச்சாத்தான் பதம் தெரியும், பதினஞ்சு வருசமா அப்படித்தான். ஆனா முழங்கைக்குக் கோடு இல்லைன்னுட்டாக. முந்தி இருநூறு தேய்ச்சாத்தான் கோடுன்னாக, அதுக்காக இருநூறு தேய்ச்சு என் பாகத்தைப் பிச்சுப்புட்டேன். இன்னைக்குக் கன்னம்னாக. நாளைக்குத் தலைகீழா நின்னாக் கோடுன்னா அதுவும் நிப்போம். தை வரைக்கும் வேலை வேணுமே.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இதற்குமேல் மெல்ல முடியாது. முற்றத்து ஓரம் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, திங்கட்கிழமை வெற்றிலையிலிருந்து வெள்ளிக்கிழமை புதுச் சட்டம் வரை ஒன்று விடாமல் ஆச்சியிடம் சொன்னேன். வேகமாக மென்றதைக்கூடச் சொன்னேன். கடைசியில், “வந்து இந்த முழத்தைப் பாருங்காச்சி” என்று மலையம்மாளின் திங்கட்கிழமைச் சுவருக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன்.

ஆச்சி பார்த்தார்கள். நரைமுடி ஒன்றை நெற்றியிலிருந்து ஒதுக்கினார்கள். சுவருக்குள் இருந்த ஆச்சியும் ஒதுக்கினார்கள். பிறகு என் கையிலிருந்த நோட்டை வாங்கி, இப்படியும் அப்படியும் புரட்டினார்கள். ஆச்சிக்கு எழுத்துத் தெரியாது.

“எழுத்து முத்து முத்தாத்தான் இருக்கு” என்றார்கள். அதைவிட ஒரு அறை கொடுத்திருக்கலாம்.

“பூமி, வண்டியைக் கட்டு. அமராவதிபுதூருக்குப் போயி இவ புருசன்கிட்ட சொல்லிட்டு வா. தை வரைக்கும் இவளுக்கு இங்க வேலை. அவனுக்கும் சுண்ணாம்பு அரைக்கிற எடத்துல ஆளு வேணும், திங்கக்கெழமை வரச்சொல்லு. கங்காணி வேற ஆளைப் பாக்கட்டும். நீங்க பதினோரு பேரும் மூஞ்சியைக் கழுவுங்கடி, சகிக்கல. கொத்தனாரு வந்து சுவத்தைப் பாத்துச் சொல்லட்டும்.”

“நான் ஆச்சி?” என்றேன்.

“நீ கடுதாசி எழுது. மத்த நேரம் முட்டை உடை.”

முகைதீன் பிச்சை புதன்கிழமை வந்தார். பெண்களைப் பார்க்கவே இல்லை, பெயரையும் கேட்கவில்லை. காலை வெயிலில் சுவரோரமாக ஒரு நடை நடந்தார், விரல் முட்டியால் சுவரைத் தட்டித் தட்டி ஆறு பாகத்தைக் காட்டினார். மலையம்மாள் முதல் ஆள். நாகவல்லி மூன்றாவது, என் கோடு ஒழிந்தபிறகு முழங்கை மடிப்பை வைத்துப் பதம் பார்த்துத் தேய்த்த முழங்களுக்காக. அவளுடைய முதல் திங்கட்கிழமை முழத்தைப் பார்த்து, “இது யாரு, பேய் பிடிச்சுத் தேய்ச்ச மாதிரி இருக்கு?” என்றார். “வாத்தியாரம்மா வெத்தலை” என்றாள் நாகவல்லி. அவருக்கு விளங்கவில்லை. விளக்கிச் சொல்ல நான் அங்கே நிற்கவுமில்லை.

தை வரை முட்டை உடைத்தேன். ஓட்டை மாற்றி மாற்றிச் சாய்த்து, வெள்ளை தனியே, மஞ்சள் தனியே. மஞ்சள் ஒரு பொட்டுக் கலந்தாலும் சுவரில் பழுப்பு விழும் என்றார்கள். இதில் நான் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு எண்ணம் வளர ஆரம்பித்தது. என்ன செய்ய, வளர்கிற சாதி அது.

ஒருநாள் மலையம்மாள் வெள்ளைக்கருச் சட்டியை எடுத்துப்போக வந்தாள். சட்டியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். சுண்டுவிரல் நகத்தால் உள்ளேயிருந்து எதையோ எடுத்தாள்.

“மஞ்சளா?” என்றேன் பதறி.

“இல்ல.”

“அப்ப எத்தனை கோடு போடுவே எனக்கு?”

நகத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். நுனியில் செக்கச்செவேலென்று ஒரு துளி.

“மொதல்ல வாயில இருக்கறதைத் துப்பிட்டு வா, அக்கம்மா” என்றாள். “சுவரெல்லாம் செவந்துரும்.”

போய்த் துப்பிவிட்டு வந்தேன்.